தோட்ட ரோட்டில் ஓடும் டிஃபென்டர் 110க்கு டோ பார்: ஒரு நிகழ்வு ஆய்வு

வாகனமும் வேலையும்

லேண்ட் ரோவர் டிஃபென்டர் 110, பிக்அப் உடல், 300 டீடீஐ டீசல் எஞ்சின். நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிஷன் மடுவத்திலிருந்து (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) கொழுந்துச் சாக்குகளைத் தொழிற்சாலைக்கு இறக்குவது இதன் அன்றாட வேலை. மேலே திரும்பும்போது உரமூட்டையோ விறகோ ஏறும். பின்னால் ஒற்றை அச்சு ட்ரெய்லர். வெறுமையாக 280 கிலோ, ஏற்றும் பாரம் 450 கிலோ, மொத்தம் 730 கிலோ. பிரேக் கிடையாது.

ரோட்டில் பாதி கல் அடுக்கியது, மீதி இரண்டு சில்லுக்கும் தனித்தனிப் பட்டையாகப் போட்ட கொங்கிரீட். குறுக்கே கான்கள் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள்), இடையிடையே கூர்மையான முடக்குகள் (வளைவுகள்). சரிவு பல இடங்களில் 15 வீதம், அதாவது 100 மீற்றருக்கு 15 மீற்றர் இறக்கம்.

சாரதி சொன்ன குறைகள் மூன்று. இறக்கத்தில் பிரேக் மிதித்தால் பின்னாலிருந்து டக்கென்று ஓர் அடி விழுகிறது. முடக்கில் திரும்பும்போது ஜீப்பின் வால் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. மூடுபனியில் ட்ரெய்லரின் பின்விளக்கு மங்குகிறது, சிக்னல் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து துடிக்கிறது.

கழற்றியபோது தெரிந்தவை

பழைய டோ பார், அதாவது ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் தாங்கி, 8 மி.மீ. தகடு ஒன்று. பின் குறுக்குச் சட்டத்தின் வெளிமுகத்தில் நான்கு 12 மி.மீ. போல்ட்டால் இறுக்கியிருந்தார்கள். அது ஆட்டம் கண்டதும் யாரோ சுற்றிவர வெல்டிங் அடித்திருக்கிறார்கள். வெல்டிங் கோட்டின் கீழ் விளிம்பில் விரலளவு நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. சுத்தியலால் தட்டினால் சட்டத்தின் மேற்பகுதி கணீரென்றது. கீழ்ப்பகுதி மந்தமாக ஒலித்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

இப்படி ஆனதற்குக் காரணம், போல்ட் சிறிதாக இருந்தது மட்டுமல்ல. டிஃபென்டரின் பின் குறுக்குச் சட்டம் உள்ளே வெறுமையான பெட்டி. வெளிமுகத்தையும் உள்முகத்தையும் சேர்த்து நீள போல்ட் போட்டு இறுக்குவது, வெறும் தகரப் பேணியை இரு பக்கமும் அழுத்துவது போலத்தான். தகடு உள்வாங்கும், போல்ட்டின் இறுக்கம் போய்விடும், ஸ்பெனர் வைத்தால் மறுபடியும் சுற்றும். பிறகு எத்தனை தடவை இறுக்கினாலும் நிற்காது. அதன்மேல் அடித்த வெல்டிங்கின் சூடு பெட்டியின் உட்பக்கப் பூச்சைக் கருக்கியிருக்கிறது. மலையகத்து ஈரத்தில், பூச்சுப் போன உட்பக்கம் முதலில் துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க உள்ளே ஓட்டையாவது இப்படித்தான்.

அடுத்தது விசைக் கணக்கு. 730 கிலோ ட்ரெய்லர் 15 வீதச் சரிவில் சும்மா இருந்தாலே ஜீப்பை 108 கிலோ அளவில் தள்ளும். அதே இடத்தில் புவியீர்ப்பில் பாதியளவுக்கு அழுத்தமாக பிரேக் போட்டால் இன்னும் 365 கிலோ சேரும். ஆக, பந்தில் (டோ பாரில் ட்ரெய்லர் மாட்டும் உருண்டை) விழும் தள்ளல் ஏறத்தாழ 470 கிலோ. பந்து, தகட்டு போல்ட்களின் மையத்துக்கு 200 மி.மீ. கீழே தொங்கியது, போல்ட் வரிசைகளுக்கு இடையே 100 மி.மீ. தான். நெம்புகோல் இரண்டு மடங்கு என்பதால் ஒரு போல்ட் வரிசை மட்டும் 940 கிலோ இழுவையைத் தாங்க வேண்டியிருந்தது. இது சீராக விழும் பாரமும் அல்ல. ஒவ்வொரு கானிலும் அடியாக விழும் பாரம். மெல்லிய தகட்டுப் பெட்டி அதைத் தாங்காது.

எவ்வளவு இழுக்கலாம்

இந்த வண்டி 3,500 கிலோ இழுக்கும் என்று பலரும் சொல்வார்கள். ட்ரெய்லரில் தள்ளுபிரேக் (ட்ரெய்லர் வண்டியைத் தள்ளும் விசையாலேயே பிடிக்கும் பிரேக்) இருந்து, நல்ல தார் ரோட்டில் ஓடினால் அது சரி. பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு தார் ரோட்டிலேயே 750 கிலோதான் எல்லை. டிஃபென்டரின் கைநூல் ரோட்டுக்கு வெளியே ஓடுவதற்கென்று வேறு எல்லை வைத்திருக்கிறது: பிரேக் இல்லாவிட்டால் 500 கிலோ, தள்ளுபிரேக் இருந்தால் 1,000 கிலோ. கல் அடுக்கிய தோட்ட ரோட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று வாதாடத் தேவையில்லை. 730 கிலோவை பிரேக்கில்லாமல் இந்த ரோட்டில் இறக்கியது தவறு. எவ்வளவு கனமான டோ பார் போட்டிருந்தாலும் தவறுதான். முடக்கில் வால் தள்ளப்பட்டதற்கு டோ பார் காரணமே இல்லை. பிரேக் இல்லாத பாரம்தான் தள்ளியது.

ஆகவே டோ பாரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் பழுது திரும்பவும் வரும். ட்ரெய்லருக்குத் தள்ளுபிரேக் கப்ளரும் (பந்தைக் கவ்வும் பிடி) பிரேக் டிரம் உள்ள அச்சும் போடுவதென்று முடிவானது. அதோடு ட்ரெய்லரின் வெறும் எடை 330 கிலோவானது. பாரத்தோடு 780 கிலோ.

டோ பாரையும் கப்ளரையும் வாங்கும்போது அவற்றில் குத்தியிருக்கும் டி மதிப்பை, அதாவது இணைப்பு தாங்கும் விசையின் அளவைப் பாருங்கள். வண்டியின் உச்ச மொத்த எடையையும் ட்ரெய்லரின் மொத்த எடையையும் தொன்னில் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்கினால் கிலோநியூட்டனில் விடை வரும். 110க்கு 3.05 தொன், ட்ரெய்லருக்கு 1 தொன் என்று வைத்தால் 7.4. அதற்குக் கீழே குத்தியதை வாங்கக் கூடாது. ஒன்றுமே குத்தாததை விலை பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பந்தா, ஊசியா

தோட்டங்களில் டிராக்டர் பழக்கத்தால் வளையமும் ஊசியும் போடுவதே வழக்கம். ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள தளர்வுதான் ஒவ்வொரு பிரேக்கிலும் அடியாக விழுகிறது. தள்ளுபிரேக் சீராக வேலை செய்யத் தளர்வில்லாத பிடி வேண்டும், அதனால் இங்கே 50 மி.மீ. பந்து. குறை அதற்கும் உண்டு. மேடுபள்ளத்தில் ஜீப் ஒரு பக்கமும் ட்ரெய்லர் மறுபக்கமும் சரிந்தால் கப்ளரின் உதடு பந்தின் கழுத்தில் முட்டும். அதற்கு மேலும் முறுக்கினால் கழுத்து வளையும், இல்லாவிட்டால் கப்ளர் கழன்றுபோகும். இந்த ரோட்டின் மிக மோசமான கான் குறுக்கீட்டை அளந்து, அதே உயரத்துக்கு ஜாக்கியால் ட்ரெய்லரின் ஒரு சில்லையும் ஜீப்பின் எதிர்ப்பக்கச் சில்லையும் தூக்கிப் பார்த்தபோது இடைவெளி மிச்சமிருந்தது. இடைவெளி மிஞ்சாத ரோட்டானால் சுழலும் இராணுவ வகைக் கொக்கியும் வளையமுமே சரி.

குறுக்குச் சட்டமும் உட்குழாயும்

கீழ்விளிம்பு உதிர்ந்த சட்டத்துக்கு ஒட்டுப் போடுவது வீண்வேலை. வண்டியின் நீளவாட்டில் ஓடும் நெடுஞ்சட்டங்களோடு இணையும் நீட்சிக் கால்களோடு வரும் புதுக் குறுக்குச் சட்டம் கிடைக்கிறது, அதையே வெட்டிப் பொருத்தினார்கள். 110இல் டீசல் டாங்கி இந்தச் சட்டத்துக்கு நேர் முன்னால் இருப்பதால் அதைக் கழற்றி வெளியே எடுக்காமல் அங்கே வெல்டிங் முனையைக் காட்டக் கூடாது. ஈரச் சாக்கைப் போட்டு மறைத்தால் போதும் என்கிற பேச்சுக்கு இடமில்லை. பற்றரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, பின்விளக்கு வயர்க்கட்டையும் இழுத்து ஒதுக்க வேண்டும். டாங்கி வெளியே வந்ததில் இன்னொரு நன்மை: சட்டத்தின் உள்முகத்துக்குக் கை எட்டும். பின்தகடு வைக்க வேறு வழியில்லை.

போல்ட் போகும் துளை ஒவ்வொன்றிலும் உட்குழாய் வைத்தார்கள். உள்விட்டம் 17 மி.மீ., சுவர் 4 மி.மீ. தடிப்புள்ள குழாயைப் பெட்டியின் ஆழத்துக்குச் சரியாக வெட்ட வேண்டும். அரை மில்லிமீற்றர் குறைந்தாலும் பழைய கதைதான். தகடு உள்வாங்கிய பிறகே குழாய் பாரத்தை வாங்கும். குழாயின் ஒரு முனையைச் சட்டத்தோடு வெல்டிங் செய்து நிறுத்தி, உள்முகத்தில் 6 மி.மீ. பின்தகடு வைத்து நான்கு துளைகளையும் ஒன்றாக்கினார்கள். இப்போது இறுக்கம் முழுவதும் குழாயின் வழியே போகிறது, பெட்டி நசியாது.

தகடும் தாங்கு கம்பியும்

புதுத் தகடு 12 மி.மீ., மேலும் கீழும் பல துளைகள் உள்ளது. பந்தின் உயரத்தை ட்ரெய்லரைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பாரம் ஏற்றிய ட்ரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, மட்டம் பார்த்து, கப்ளரின் மையத்தை நிலத்திலிருந்து அளந்தால் 480 மி.மீ. வந்தது. ஜீப்பிலும் வழக்கமான பாரத்தை ஏற்றிய பிறகே பந்தின் மையத்தை அந்த உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெறும் ஜீப்பில் அளந்து பூட்டினால், பாரம் ஏறி ஸ்ப்ரிங் இறங்கியதும் ட்ரெய்லரின் முன்தண்டு மூக்குக் குத்திவிடும்.

உயரத்தைக் குறைக்கக் குறைக்கக் கானில் தகடு உரசும். இதைக் கணக்குப் போடாமல் நூல் கட்டியே பார்த்துவிடலாம். பின் டயர் நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து தகட்டின் தாழ்ந்த முனைக்கு நூலைப் பிடித்து அதன் கோணத்தை அளந்து, கானிலிருந்து ஏறும் இடத்தின் கோணத்தோடு ஒப்பிட வேண்டும். பயன்படாத கீழ்த் துளைகளுக்காகத் தகடு தொங்கிக்கொண்டிருந்தால் அந்த நீட்டை வெட்டி எறியலாம். இங்கே ஒரு துளை வரிசையை வெட்டி, முனைகளை உருட்டிவிட்டார்கள்.

முக்கியமான பாகம் தாங்கு கம்பிகள்தான். இவற்றைத்தான் பெரும்பாலான கராஜ்களில் விட்டுவிடுகிறார்கள். தகட்டின் கீழ் மூலைகளிலிருந்து இரண்டு 50×50×6 அங்கிள் இரும்புகள் டாங்கியின் இரு பக்கமாக முன்னோக்கி 600 மி.மீ. அளவு போய் நெடுஞ்சட்டங்களில் சேர்கின்றன. இவை இல்லாவிட்டால் தகடு குறுக்குச் சட்டத்தை முறுக்கும். இவை சேர்ந்ததும் முக்கோணமாகி, தள்ளலும் இழுவையும் நேரே செசிக்குப் போய்விடும். நெடுஞ்சட்டத்தில் துளை போடும்போது மேல் கீழ் முகங்களைத் தொடக் கூடாது. செசி வளையும்போது அதிக பாரம் வாங்குவது அந்த முகங்கள்தான். பக்கச் சுவரின் நடு உயரத்தில் துளையிட்டு, அங்கேயும் உட்குழாய் வைத்து, 12 மி.மீ. போல்ட் போட வேண்டும். தாங்கு கம்பிக்கும் பிரேக் பைப், டாங்கி விளிம்பு ஆகியவற்றுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி விடாவிட்டால் கல் ரோட்டு அதிர்வில் தேய்ந்து ஓட்டையாகும்.

போல்ட்கள் எல்லாம் தலையில் 8.8 என்று பொறித்தவை, நட்டுகள் நைலோன் வளையம் உள்ளவை. பந்தை நிறுத்தும் 16 மி.மீ. போல்ட் இரண்டும் 90 மி.மீ. இடைவெளியில் வரும். 16 மி.மீ. போல்ட்டுக்கு 200 நியூட்டன் மீற்றர், 12க்கு 80. முதலில் எல்லாவற்றையும் கைப்பிடியாகப் பூட்டி, தாங்கு கம்பிகள் தாமாக இருப்புக்கு வந்த பிறகு தகட்டை இறுக்கி, கடைசியில் கம்பிகளை இறுக்குவதுதான் ஒழுங்கு. கம்பியை முதலில் இறுக்கிவிட்டுத் தகட்டை இழுத்துச் சேர்த்தால், பாரம் ஏறும் முன்பே போல்ட் வலிந்த நிலையில் நிற்கும்.

துளையிட்ட ஒவ்வோர் விளிம்புக்கும் துத்தநாகப் பூச்சு, அது காய்ந்ததும் பெட்டிக்குள் மெழுகுப் பூச்சு. பழைய எஞ்சின் ஒயிலை அடியில் விசிறுவது இங்கே பலரின் பழக்கம். துருவைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும். டிஃபென்டரில் புஷ் நிறைய.

வயர்

ஏழு ஊசிச் சொக்கட்டின் ஒழுங்கு: 1 மஞ்சள், இடது சிக்னல், 2 நீலம், பின் மூடுபனி விளக்கு, 3 வெள்ளை, எர்த், 4 பச்சை, வலது சிக்னல், 5 பழுப்பு, வலது பின்விளக்கு, 6 சிவப்பு, பிரேக் லைட், 7 கறுப்பு, இடது பின்விளக்கு. ஜீப்பின் பக்கத்து வயர் நிறத்தை நம்பாமல் சோதனை பல்பால் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பூட்டுவது நல்லது. பழைய வண்டியில் எத்தனை கை பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

பின்விளக்கு மங்கியதற்கும் சிக்னலோடு பிரேக் லைட் துடித்ததற்கும் ஒரே காரணம், எர்த். பழைய பொருத்தலில் வெள்ளை வயரே இல்லை. பந்தும் கப்ளரும் தொட்டுக்கொள்வதையே எர்த் ஆக்கியிருந்தார்கள். கிரீஸும் துருவும் இடையில் வந்ததும் ஓட்டம் திரும்ப வழியில்லாமல் வேறு பல்புகள் வழியாகப் போயிருக்கிறது. டிஃபென்டரின் உடல் அலுமினியம் என்பதையும் மறக்கக் கூடாது. அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ போட்டு எர்த் எடுத்தால் ஈரத்தில் வெள்ளைத் தூள் பூத்துத் தொடர்பு அறும். செசியின் இரும்பைப் பளிச்சென்று சுரண்டி, 2.5 சதுர மி.மீ. வயரை வளையத்தோடு போல்ட்டில் பூட்டி, மேலே கிரீஸ் பூசினார்கள். மற்ற வயர்கள் 1.5.

ட்ரெய்லரின் 21 வொட் பல்பு ஒரு பக்கத்துக்கு ஒன்று கூடுவதால் சிக்னலின் ஃப்ளாஷரையும் ட்ரெய்லர் பாரத்துக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். சொக்கட்டைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்டினால் தண்ணீர் தேங்காது.

சங்கிலி, கம்பிக் கயிறு, பாரம்

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் முன்தண்டின் கீழே குறுக்காகப் போட வேண்டும். கப்ளர் கழன்றாலும் தண்டு நிலத்தில் குத்தாமல் சங்கிலி மேல் விழும். ட்ரெய்லர் கழன்றால் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் அவசரக் கம்பிக் கயிற்றைப் பந்தின் கழுத்தில் மாட்டாமல் தகட்டில் தனித் துளையில் மாட்ட வேண்டும்.

முடக்குக்கு ஓர் அளவு உண்டு. பந்திலிருந்து ட்ரெய்லர் பெட்டியின் முன்முகம் வரை உள்ள தூரம் ஜீப்பின் பாதி அகலத்தை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். டிஃபென்டரின் அகலம் 1,790 மி.மீ., பாதி 895. இங்கே 1,200 இருந்ததால் முழுதாக மடக்கினாலும் 300 மி.மீ. மிஞ்சியது.

முன்பாரம், அதாவது பந்தின் மேல் விழும் எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் 7 வீதமளவு என்று வைத்தார்கள். 780 கிலோவுக்கு 55 கிலோ. கப்ளரின் உயரத்துக்கு வெட்டிய கட்டையைத் தராசில் நிறுத்தி அதன்மேல் கப்ளரை இறக்கினால் எடை தெரியும். சமதளத்து 55 கிலோ ஏற்றத்தில் 55 ஆக இருக்காது. பாரத்தின் மையம் நிலத்திலிருந்து 900 மி.மீ., பந்து 480, பந்துக்கும் அச்சுக்கும் இடையே 2.5 மீற்றர் என்றால் 15 வீத ஏற்றத்தில் 19 கிலோ குறைந்துவிடும். சாக்குகளைப் பலகைக்கு மேலே குவித்து மையத்தை 1,200 மி.மீ.க்கு உயர்த்தினால் 33 கிலோ குறையும், மிச்சம் 22 தான். அந்த நிலையில் ஜீப்பின் பின் சில்லுகளுக்குப் பிடிப்புக் குறையும், ஈரக் கொங்கிரீட்டில் சுற்றும். மழை நாளில் நனைந்த கொழுந்தின் எடை கூடும் என்பதால் சாக்கை எண்ணி ஏற்றாமல் நிறுத்து ஏற்றுவதே சரி. கனமானவை அடியிலும் அச்சுக்குச் சற்று முன்னாலும் வர வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததும் பிறகும்

முதலில் வெறும் ட்ரெய்லர், பிறகு பாதிப் பாரம், பிறகு முழுப்பாரம். இறக்கத்தில் லோ ரேஞ்ச் (மெதுவான கியர் வரிசை) இரண்டாம் கியர். பிரேக்கின் டக் சத்தம் போய்விட்டது, முடக்கில் வால் நிலைத்து நின்றது. ஆனால் தள்ளுபிரேக்குக்கு மலை ரோட்டில் ஒரு குணம் உண்டு. எஞ்சினால் வேகத்தைப் பிடித்தாலும் ட்ரெய்லர் தள்ளிக்கொண்டேதான் வரும். ஆகவே இறக்கம் முழுவதும் அதன் பிரேக் உரசிக்கொண்டேயிருக்கும். 780 கிலோவை 15 வீதச் சரிவில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் இறக்கினால் டிரம்களில் உச்சமாக 3 கிலோவொட் அளவு சூடு சேரலாம், 20 கி.மீ. வேகத்தில் அது இரண்டு மடங்கு. மெதுவாக இறங்கினால் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். நீண்ட இறக்கத்தின் நடுவே நிறுத்தி, ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்க பிரேக் கேபிள் கூடுதலாக இறுகியிருக்கிறது.

பின்னுக்கு எடுப்பது இன்னொரு சிக்கல். குறுகிய ரோட்டில் எதிரே லொறி வந்தால் ஏற்றத்தில் பின்னுக்கு எடுக்க வேண்டிவரும். சாதாரணத் தள்ளுபிரேக் அதையும் தள்ளலாக எடுத்துக்கொண்டு பூட்டிவிடும். பின்னுக்கு உருளும்போது தானே விடும் வகை டிரம்களை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. தடுப்பு நெம்பு உள்ள வகையானால், வேலை முடிந்ததும் நெம்பை விடுவிக்க மறந்தால் அடுத்த இறக்கத்தில் ட்ரெய்லருக்கு பிரேக்கே இருக்காது. இங்கே தானே விடும் வகையைத்தான் போட்டார்கள். விலை கூடுதல்தான், இந்த ரோட்டுக்கு அது பெறுமதியான செலவு.

50 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்களையும் டோர்க் ஸ்பெனரால் பார்த்தபோது குறுக்குச் சட்டத்து நான்கும் அசையவில்லை. இடது தாங்கு கம்பியின் முன் போல்ட் மட்டும் சற்றே சுற்றியது. வொஷரின் கீழே பெயின்ட் தடித்திருந்ததே காரணம். அதிர்வில் பெயின்ட் நசிந்து இறுக்கம் விட்டிருக்கிறது. அந்த முகத்தைச் சுரண்டி, மெல்லிய பூச்சோடு மறுபடி இறுக்கி, நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைக் கோடு போட்டார்கள். கோடு விலகினால் கண்ணுக்கே தெரியும், ஸ்பெனர் தேவையில்லை. அடுத்த சோதனை 500 கி.மீ.இல், அதன்பின் சேர்விஸ் தோறும். பந்தின் விட்டம் எந்தப் பக்கத்திலாவது 49 மி.மீ.க்கு வந்துவிட்டால் பந்தை மாற்ற வேண்டும். தென்மேற்கு மழை ஓய்ந்ததும் டாங்கிக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே அடைந்த சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவி, சட்டத்தின் அடித்துளைகள் அடைபடாமல் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்க்க வேண்டும்.